கை காட்டும் பயிற்சி முகாம்

சலுகை என்பது எந்த நிறத்தில் இருக்கும் என்றுகூடத் தெரியாமல் ஐம்பத்தாறு வருடம் வாழ்ந்து காட்டிய மகான் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் வெண்ணந்தூருக்கு மேற்கே ஐந்து மைலில் உள்ள செம்மேட்டுப்பாளையத்தில் அவதரித்தார். பெயர் சென்னியப்பன். நாற்பது ஏக்கர் தோட்டம், மூன்று கிணறு, வாசலில் இரண்டு ராஜபாளையத்து நாய்கள். நிலபுலன் உள்ளவரை அந்தப் பக்கத்தில் அழைக்கிற வழக்கப்படி எல்லோரும் அவரைப் ‘பண்ணாடி’ என்றே அழைத்தார்கள். தம் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஊரில் ஒரு ஆள்கூட இல்லையே என்று அவர் வருத்தப்படுவதுண்டு. யாராவது கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

எல்லாம் சொந்த உழைப்பு. அந்த நாற்பது ஏக்கரையும் தம் அப்பாவிடமிருந்து, யாருடைய உதவியும் இல்லாமல், தனி ஒருவராக அவர் பெற்றுக்கொண்டார்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஐப்பசி மாதம் ஒரு காலையில், ஒன்றிய அலுவலகத்தின் விரிவாக்க அலுவலர் சுவாமிநாதன் மொபெட்டை வாசலுக்கு வெளியிலேயே அணைத்துவிட்டு, நாய்களைக் கட்டும்வரை காத்திருந்து, உள்ளே வந்தார். வீடு சேலம் அஸ்தம்பட்டியில், உத்தியோகம் இங்கே. சட்டைப் பையில் மேலிடத்துச் சுற்றறிக்கை இருந்தது. ஒவ்வொரு ஊராட்சியிலும் ‘சமூகச் சலுகை: பொருளும் விளக்கமும்’ என்ற தலைப்பில் ஒரு கருத்தரங்கு நடத்தி, “பொதுமக்களுக்கு விளக்கப்பட்டது” என்று மூன்று நகல்களில் அறிக்கை அனுப்ப வேண்டும்.

தலைமைக்கு யார் என்ற கேள்வியே எழவில்லை. எலி ஒழிப்பு வாரம், சிறுசேமிப்பு வாரம் எல்லாவற்றுக்கும் சென்னியப்பன்தான் தலைமை. குடும்பக் கட்டுப்பாட்டு வாரத்துக்குக்கூட தம் ஐந்து பிள்ளைகளோடு வந்து தலைமை தாங்கியவர் அவர்.

“சலுகைன்னா என்னுங்க சார்? காலனிக்காரங்களுக்குக் கவர்மெண்டு குடுக்கறதுதானுங்களே?” என்று கேட்டார் சென்னியப்பன்.

“அது இல்லீங்கய்யா. இதுல வேற மாதிரி போட்டிருக்குது. பொறந்த எடத்தால, கேக்காமயே கெடைக்கற வசதி. அதை அனுபவிக்கறவருக்கே அப்படி ஒண்ணு இருக்கறது தெரியாதுன்னும் போட்டிருக்குதுங்க.”

சென்னியப்பன் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். “அப்படிப்பட்ட ஆளு நம்ம பக்கம் ஆரும் இருக்கற மாதிரி தெரியலீங்களே சார்.”

“அதனாலதானுங்க நீங்க தலைமை தாங்கோணும்ங்கறேன்” என்றார் சுவாமிநாதன். ஓய்வு பெற இன்னும் பதினோரு வருடம் இருந்த அலுவலர் வேறென்ன சொல்வார்?

அந்த நேரத்தில் வெளியே ஹாரன் கேட்டது. ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் எட்டு இருபது பஸ். அன்று பண்ணாடி சேலம் போவதாக இருந்ததால் பஸ் வாசலில் வந்து நின்றிருந்தது. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் இறங்கி வீட்டுக் களத்துக்கே வந்தார்.

“வாரீங்களா பண்ணாடி, இல்ல பஸ்ஸு போவட்டுங்களா?”

“செத்த இரு சாமி. சார்கிட்ட முக்கியமான சங்கதி பேசிட்டிருக்கறேன். சலுகையைப் பத்தி.”

கண்டக்டர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார். நாற்பத்தெட்டுப் பேரோடு பஸ் ஏழு நிமிடம் நின்றது. சென்னியப்பன் காப்பியை ஆற்றிக் குடித்தார்.

அங்கிருந்து ஒரு பர்லாங்கு தள்ளிக் காலனி இருக்கிறது. நாற்பத்தொரு வீடு. அங்கே பஸ் நிற்காது. நிற்க வேண்டும் என்று கொடுத்த மனு மூன்று வருடமாக ‘பரிசீலனையில்’ இருந்தது. காலனிக்காரர்கள் மூன்று மைல் நடந்து மெயின் ரோட்டுக்குப் போய் வேறு பஸ் ஏறுவார்கள். பண்ணாடி வாசலுக்கே வந்து ஏறலாமே என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக வரலாம். சென்னியப்பன் யாரையும் ஒரு நாளும் தடுத்ததில்லை. அவர்களுக்காக நாய்களைத்தான் கட்டிவைத்ததில்லை.

அன்று மாலையே பேச்சு தயாரிக்கும் வேலை ஆரம்பமானது. சென்னியப்பன் ஊஞ்சலில் ஆடியபடி சொல்ல, அவர் மனைவி வசந்தாமணி தரையில் உட்கார்ந்து எழுதினார்.

“எழுதிக்க. நான் ஒருத்தர்கிட்டயும் போயி எனக்கு இது வேணும்னு வாயைத் தொறந்து கேட்டதே இல்ல.”

“வாஸ்தவமுங்க. சோறு போடுன்னுகூட நீங்க கேட்டு நான் பாத்ததில்ல” என்றார் வசந்தாமணி.

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, அதையும் சேர்த்து எழுதச் சொன்னார் சென்னியப்பன்.

“அப்பறம் இந்த பஸ்ஸுச் சங்கதி. காலனியில நிக்கறதில்ல, நிக்கறதில்லன்னு ஓயாம சொல்லிட்டிருக்கறாங்க. பஸ்ஸுக்கு என்ன சாதி தெரியுமா? கையைக் காட்டுனா நிக்கப் போவுது. நாளைக்கு நானே போயி ஆராய்ச்சி பண்ணிப்போடறேன்.”

மறுநாள் காலை அவர் தம் சொந்தக் கால்களால் ஒரு பர்லாங்கு நடந்து காலனிக்குப் போனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. எட்டு இருபது பஸ் வந்தது. கையைத் தூக்கினார். டயர் தேயும் சத்தத்தோடு பஸ் நின்றது. போதாதென்று, வண்டியை நாலடி பின்னுக்கும் எடுத்தார் டிரைவர் சின்னண்ணன், பண்ணாடி செருப்பு சேற்றில் படக்கூடாது என்று.

“ஏனுங்க பண்ணாடி, இத்தன தூரம் நடந்து வந்துட்டீங்க? ஊட்டு வாசல்லயே நின்னிருந்தா வந்திருப்பமல்லங்க?” என்று கண்டக்டர் பதறினார்.

“ஒண்ணுமில்ல சாமி. நிக்கறயான்னு பாத்தேன். நின்னுட்ட. நீ போ” என்று பஸ்ஸை அனுப்பிவைத்தார் சென்னியப்பன்.

காலனியில் பஸ் நிற்கிறது என்பது இவ்வாறு ‘விஞ்ஞான பூர்வமாக’ நிரூபணம் ஆயிற்று. காலனி மக்களுக்குக் கை காட்டத் தெரியவில்லை. கோளாறு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்து மைதானத்தில் கருத்தரங்கு நடந்தது. மேடையில் மூன்று நாற்காலி: ஒன்றில் சென்னியப்பன், ஒன்றில் சுவாமிநாதன், ஒன்றில் சென்னியப்பனின் துண்டு. காலனி மக்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“சலுகை, சலுகைங்கறாங்களே, அந்தச் சொல்லையே பிரிச்சுப் பாருங்க” என்று சென்னியப்பன் தொடங்கினார். “கடைசியில என்ன இருக்குது? ‘கை’ இருக்குது! கையைத் தூக்குனவனுக்குத்தான் அது முழுச் சலுகை. தூக்காதவனுக்கு வெறும் ‘சலு’. சலுவை வெச்சுக்கிட்டு என்ன பண்ண முடியும்?”

இந்த இலக்கண விளக்கத்தைச் சுவாமிநாதன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சுற்றறிக்கையைவிட இது சுருக்கமாக இருந்தது.

கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தாள். குஞ்சம்மாளின் மகள் சௌந்திரம். காலனியில் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிய முதல் ஆள். கையில் ஒரு பழுப்புக் கவர் வைத்திருந்தாள்.

“எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்திருக்குதுங்க. அஸ்தம்பட்டி ஆபீசுல திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள சேரோணும், இல்லீன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவோம்னு போட்டிருக்குது. மெயின் ரோட்டுக்குப் போற வழியில தரைப்பாலத்துக்கு மேல தண்ணி போவுதுங்க. நடந்து போனா இழுத்துக்கும். பஸ்ஸு மட்டும்தான் போவும். ராசிபுரம் பக்கம் நடக்கலாம்னா ஏழு மைலு. எட்டு இருபதுதான் எனக்கு இருக்கற ஒரே வழிங்க. நாங்களும் கையைக் காட்டித்தான் பாக்கறோம். நிக்க மாட்டீங்குதுங்க.”

சென்னியப்பன் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு மாணவிக்காகத்தான் அவர் காத்திருந்தார். “எப்படிக் காட்டுன? எங்க, இப்பக் காட்டு பாக்கலாம்.”

சௌந்திரம் கையைத் தூக்கிக் காட்டினாள்.

“பாத்தீங்களா சார்? கெஞ்சற மாதிரி தூக்கறா!” என்று சென்னியப்பன் நாற்காலியை விட்டு இறங்கி வந்தார். “அப்படித் தூக்கப்படாது கண்ணு. நிக்குமா நிக்காதான்னு யோசிக்கவே கூடாது. ஏற்கெனவே நின்னுபோன பஸ்ஸைப் பாக்கற மாதிரி பாக்கோணும். கை பாட்டுக்குத் தானா மேல போவும்.”

கருத்தரங்கு அந்த இடத்திலேயே ‘கை காட்டும் பயிற்சி முகாம்’ ஆக உயர்வு பெற்றது. இருபத்திரண்டு பெண்கள் வரிசையில் நின்று கையைத் தூக்கினார்கள், இறக்கினார்கள், தூக்கினார்கள். சென்னியப்பன் ஒவ்வொரு முழங்கையாகக் குச்சியால் சரிசெய்தார். தொட்டுச் சரிசெய்யவில்லை. குச்சி நீளமாக இருந்தது.

சனிக்கிழமை செய்முறைத் தேர்வு. இருபத்திரண்டு பெண்களும் காலனி முன்னால் ரோட்டோரம் நின்றார்கள். சென்னியப்பனும் சுவாமிநாதனும் எதிரே புளியமரத்துக்குப் பின்னால், தேர்வுக்கு இடையூறு இல்லாமல் மறைந்து நின்றார்கள். எட்டு இருபது வந்தது. இருபத்திரண்டு கைகள் ஒரே கோணத்தில் எழும்பின. பஸ் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போயே போய்விட்டது. பெண்களின் சேலையெல்லாம் சேறு.

“கூட்டமா நின்னா மறியல்னு நெனச்சிருப்பான்” என்றார் சென்னியப்பன், சற்றும் கலங்காமல். “பாடம் சரிதான். மாணவிகதான் சரியில்ல.”

“எழுதிக்கட்டுங்களா?” என்று கேட்டார் சுவாமிநாதன்.

“எழுதிக்கங்க.”

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் குஞ்சம்மாள் பண்ணாடி வீட்டுக்கு வந்தார். இருபது வருடமாக அந்தத் தோட்டத்தில் களை எடுக்கிறவர். நாய்களுக்கு அவரை மட்டும் தெரியும்.

“சாமி, நாளைக்கு ஒரு நாளைக்கு நீங்க வந்து எங்க பக்கத்துல நின்னு கையைத் தூக்குங்க. புள்ள ஏறிக்குவா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

கேட்டது சிறிய உதவி. ஆனால் கொள்கை பெரியது. சென்னியப்பன் எழுந்து நின்று சொன்னார்:

“ஏங் குஞ்சம்மா, நான் வந்து நின்னு, எனக்காகப் பஸ்ஸு நின்னா, அதுக்குப் பேரு என்ன? சலுகை! அதை ஒழிக்கோணும்னுதான மூணு நாளா தொண்டை கிழியக் கத்தறேன்? நானே அதைச் செய்யலாமா? உம்மக சொந்தக் கையால நிறுத்தட்டும். அதுதான் அவளுக்குக் கவுரவம்.”

குஞ்சம்மாள் வசந்தாமணி பக்கம் திரும்பி, “அப்ப பண்ணாடியோட பழைய சட்டை ஒண்ணு குடுங்கம்மா. கொல்லையில குருவி ஓட்டறதுக்குப் பொம்மை வெக்கோணும்” என்றார்.

அந்த மழையில் எந்தக் கொல்லையில் என்ன தானியம் இருக்கிறது என்று வசந்தாமணி கேட்கவில்லை. உள்ளே போய், இஸ்திரி போட்ட சட்டை, கரை வேட்டி, துண்டு, ஒரு குடை எல்லாவற்றையும் எடுத்து வந்து கொடுத்தார்.

“பழசு எதுக்கு? நல்லதையே வெச்சுக்க. குருவிக்கு மரியாதை தெரியட்டும்.”

திங்கட்கிழமை தூறிக்கொண்டிருந்தது. சென்னியப்பனுக்கு அன்று சேலத்தில் வேலை இல்லை. வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். எட்டு இருபது அவரைத் தாண்டிப் போன சத்தமும், அடுத்த நிமிடமே டயர் தேயும் சத்தமும் கேட்டன. எட்டிப் பார்த்தார். காலனி முன்னால் பஸ் நின்றிருந்தது. பஸ்ஸுக்கு எதிரே, வெள்ளைச் சட்டையும் வேட்டியும் துண்டுமாக, குடையின் கீழ், ஒரு கையை உயரத் தூக்கியபடி அவரே நின்றுகொண்டிருந்தார்.

தம்மைத் தாமே தூரத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் முனிவர்களுக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. சென்னியப்பன் வாயைக் கொப்பளிக்காமலே ஓடினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது சௌந்திரம் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து டிக்கெட்டும் வாங்கியிருந்தாள். பின்னால் ஆறு பெண்கள் ஏறியிருந்தார்கள். பஸ்ஸே சிரித்துக்கொண்டிருந்தது. மூங்கில் கழியில் கட்டிய சட்டை, குடைக்குள் ஒரு கரிச்சட்டி. சட்டிக்கு மூக்கு வாய் வரையக்கூட யாரும் மெனக்கெடவில்லை. கண்டக்டர் டிரைவரிடம் சண்டைபோட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க பண்ணாடின்னு நான் வேற கதவத் தொறந்து கும்புட்டுத் தொலச்சேன். மூஞ்சியப் பாக்கக் கூடாதாய்யா?”

“பண்ணாடி மூஞ்சிய நான் என்னிக்கய்யா பாத்தேன்?” என்றார் சின்னண்ணன். “பத்தொம்போது வருசமா நிறுத்தறேன். வெள்ளைச் சட்டையும் தூக்குன கையும் தெரிஞ்சா காலு தானா பிரேக்குக்குப் போயிருது. உள்ள ஆளு இருந்தா என்ன, சட்டி இருந்தா என்ன?”

சென்னியப்பன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடமாகத் தாம் ஏறிய பஸ்ஸில் ஏறியது யார் என்று ஒரு கணம் அவருக்குச் சந்தேகம் வந்தது. பல் விளக்கும் குச்சியோடு, மேலுக்குச் சட்டையில்லாமல் நின்ற அவரை, டிரைவரும் கண்டக்டரும் யாரோ வழிப்போக்கர் என்று நினைத்து, “அக்கட்டால நில்லய்யா, வண்டி எடுக்கோணும்” என்றார்கள். அவர் தள்ளி நின்றார். பஸ் போனது. சௌந்திரம் பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அஸ்தம்பட்டியில் கையெழுத்துப் போட்டாள். தண்ணீர் வடியும்வரை சேலத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டாள்.

சந்தேகம் ஒரு கணம்தான். மறுநாள் காலைக்குள் அது சரியாகிவிட்டது. ஏனென்றால் செவ்வாய்க்கிழமை சேலத்தில் அவருக்குப் பாராட்டு விழா. ‘சலுகையைச் சிறப்பாக விளக்கிய சான்றோர்’ என்று சான்றிதழ் தரப்போகிறார்கள். வெள்ளைச் சட்டை, வேட்டி, துண்டு, தூறல் என்பதால் குடை, எல்லாவற்றோடும் வாசலில் நின்று, ஏற்கெனவே நின்றுபோன பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி பார்த்து, கையைத் தூக்கினார்.

முந்தின நாள் முழுக்க ராசிபுரத்திலும் சேலத்திலும் சின்னண்ணனைச் “சட்டிக்குப் பஸ் நிறுத்தினவன்” என்று கேலி பேசியிருந்தார்கள். மானமுள்ள மனிதர் அவர். குடையையும் சட்டையையும் தூக்கிய கையையும் கண்டதும், “இன்னொருக்காவா? போடா சட்டி!” என்று ஜன்னல் வழியே கத்திவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். சென்னியப்பன் கழுத்துவரை சேறு. அவர் கை மட்டும் வெகுநேரம் இறங்கவில்லை. நிற்காத பஸ்ஸைப் பார்த்தபின் கையை என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியாது.

“கெஞ்சற மாதிரி தூக்கிட்டீங்களோ?” என்று வாசற்படியிலிருந்து கேட்டார் வசந்தாமணி.

சான்றிதழ் தபாலில் வந்தது. பஸ் ஒரு வாரமாகியும் வாசலில் நிற்கவில்லை. பஸ் நிர்வாகத்துக்கு மனு போவதென்று முடிவாயிற்று. சென்னியப்பன் ஊஞ்சலில் ஆடாமல் உட்கார்ந்து சொன்னார்: “எழுதிக்க. பத்தொம்போது வருசமா நிக்கற பஸ்ஸு. திடீர்னு நிக்காட்டி மனுசன் என்ன பண்ணுவான்? நடப்பானா? இது அநீதி. இது கொடுமை. இதைக் கேக்க நாட்டுல ஆளே இல்லையான்னு எழுது.”

வசந்தாமணி அப்படியே எழுதினார். மனு கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு வரி தாமாகச் சேர்த்தார்: ‘இந்தப் பகுதியில் மொத்தம் நாற்பத்திரண்டு வீடுகள் உள்ளன, இவற்றில் நாற்பத்தொன்று அடுத்தடுத்து உள்ளன.’

ஒரு மாதத்தில் பதில் வந்தது. மூன்று வருடமாகப் பரிசீலனையில் இருந்ததெல்லாம் பண்ணாடியின் லெட்டர்பேடு கண்டதும் எப்படியோ பரிசீலிக்கப்பட்டிருந்தது. சுவாமிநாதனே அதைக் கொண்டுவந்து உரக்கப் படித்தார்.

“‘தாங்கள் குறிப்பிட்ட நாற்பத்தொரு வீடுகளின் நலனை முன்னிட்டு, காலனி முன்பாக நிறுத்தம் அனுமதிக்கப்படுகிறது. தாங்கள் ஒரு பர்லாங்கு நடந்து சென்று அங்கு ஏறிக்கொள்ளலாம்.’”

சென்னியப்பன் ஊஞ்சலிலிருந்து துள்ளி எழுந்தார். அவர் முகத்தில் ஞானம் ஒளிவீசியது.

“இப்பப் புரியுது சார்! இத்தன நாளா எனக்குப் பிடிபடாமயே இருந்துச்சு. சலுகைன்னா இதுதான்! கேக்காமயே ஊட்டுக்கு முன்னால பஸ்ஸு நிக்குது பாருங்க, காலனிக்காரங்களுக்கு! அனுபவிக்கறவங்களுக்கே தெரியாதுன்னு போட்டிருந்துச்சல்ல? ஒருத்தனாவது ஒத்துக்குவான்னு நெனைக்கறீங்க?”

சுவாமிநாதன் குறிப்பேட்டை எடுத்து, “பொதுமக்களுக்கு விளக்கப்பட்டது” என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

“இன்னொரு பாரா இருக்குதுங்கய்யா” என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி. “‘தங்கள் வாசலில் நிறுத்தம் இருந்ததாக எமது பதிவேடுகளில் இல்லை. கடந்த பத்தொன்பது ஆண்டுகளாகப் பஸ் அங்கு நின்றது யாருடைய உத்தரவின் பேரில் என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.’”

“உத்தரவா? பஸ்ஸு நிக்கறதுக்கு எதுக்கு உத்தரவு? நின்னுச்சு, ஏறினேன். ஏம்புள்ள, நீயே எதையாவது எழுதி அனுப்பு” என்று வசந்தாமணியிடம் சொல்லிவிட்டு, காலனிக்குக் கிடைத்த அநியாயச் சலுகையைப் பற்றி நாலு பேரிடம் பேசச் சென்னியப்பன் செருப்பைத் தேடினார்.

வசந்தாமணி யோசிக்கவே இல்லை. ஒரு வெள்ளைத்தாளில் ஒரே வரி எழுதி நீட்டினார். சென்னியப்பன் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

‘ஐயா, யாரும் உத்தரவு போடவில்லை, பத்தொன்பது வருடமாக யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.’

அலுவலகத்தார் அதைக் கோப்பில் சேர்க்கும்போது, பொருள் என்ற இடத்தில் ‘பஸ் நிறுத்தம்’ என்று எழுதினார்கள். ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்று எழுதியிருக்க வேண்டும்.